உவேனோவின் பாதாள வாசல்

பாதாள லோகம் என்றதும் நம் பாட்டிமார் சொன்ன கதைகள்தாம் நினைவுக்கு வரும். நாகர்கள் வாழும் இடம், மாபலி மன்னன் போய்ச் சேர்ந்த இடம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பாதாளத்தில் காசைப் போட்டு இறங்கலாம், ஐந்தே நிமிடத்தில் அடுத்த பேட்டையில் ஏறி வெளியே வரலாம் என்று 1927-ஆம் ஆண்டில் ஜப்பானியரிடம் சொன்னபோது ஊரே திரண்டு வந்து வரிசையில் நின்றது. அவர்கள் நின்ற இடத்தின் பெயர் உவேனோ.

தோக்கியோ மாநகரின் வடகிழக்குப் பக்கத்தில் இருக்கிறது இந்த உவேனோ. மேட்டில் பெரிய பூங்கா, அதன் கீழே தாமரைக் குளம், மிருகக்காட்சிசாலை, அரும்பொருளகம் எல்லாம் உண்டு. செர்ரி மரங்கள் பூக்கும் நாட்களில் கூட்டம் நெரியும். பூங்காவின் அடிவாரத்தில் ரயில் நிலையம். வட மாவட்டங்களிலிருந்து வரும் ரயில்கள் 1883-ஆம் ஆண்டு முதல் இங்குதான் வந்து நின்றன. அதன் காலடியில், மண்ணுக்குக் கீழே, இன்னொரு நிலையம். கீழை நாடுகளில் முதன்முதலாக ஓடிய பாதாள ரயிலின் நிலையம் அது. மேலே உள்ள நிலையத்தையும் கீழே உள்ள நிலையத்தையும் ஒரு சுரங்க நடைபாதை இணைக்கிறது.

கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இன்று பூமிக்கடியில் ரயில் ஓடுகிறது. நம் பிள்ளைகள் அதில் ஏறி வேலைக்குப் போகிறார்கள். ஆகவே பாதாள ரயில் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உவேனோவைப் பற்றி எழுத வந்த காரணம் வேறு. அந்தச் சுரங்க நடைபாதையில் ஒரு காலத்தில் பிள்ளைகள் படுத்துறங்கினார்கள். வீட்டில் இடம் போதாமல் அல்ல. அவர்களுக்குப் பெற்றோரும் இல்லை, வீடும் இல்லை. ஜப்பானின் செல்வத்தைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். அந்தச் செல்வம் எந்தப் படிக்கட்டில் ஏறி வந்தது என்று அறிய வேண்டுமானால் உவேனோவில் கொஞ்சம் இறங்கிப் பார்க்க வேண்டும், வாசகர்களே.

அவரை விதையால் எண்ணியவர்

ஹயாகாவா நோரிட்சுகு என்பவர் 1881-இல் யாமனாஷி என்ற மலைநாட்டுப் பகுதியில் பிறந்தவர். ரயில் துறையில் வேலை பார்த்தவர். நட்டத்தில் கிடந்த சிறு ரயில் நிறுவனங்களை நிமிர்த்திக் கொடுத்தவர். 1914-இல் லண்டன் போனபோது அங்கே மண்ணுக்கடியில் ரயில் ஓடுவதைப் பார்த்தார். மனத்தில் பொறி விழுந்துவிட்டது. லண்டனோடு நிற்காமல் மற்ற மேல்நாட்டு நகரங்களின் பாதாள ரயில்களையும் ஆராய்ந்துவிட்டு 1916-இல் ஊர் திரும்பினார்.

தோக்கியோவில் அப்போது சாலையில் ஓடும் டிராம் வண்டிகள்தாம். அவற்றில் ஏற இடம் கிடைக்காமல் மக்கள் படியில் தொங்கினார்கள். “பாதாள ரயில் போடலாம்” என்று ஹயாகாவா சொன்னதும் சிரித்தவர்களே அதிகம். தோக்கியோவின் மண் சேறு, தோண்டினால் தண்ணீர் பீறிடும், அவ்வளவு செலவு செய்து போட்டாலும் யார் ஏறுவார்கள் என்று கேட்டார்கள். பணம் படைத்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

மனிதர் வாதாடவில்லை. சட்டைப் பைகளில் கறுப்பு அவரை விதைகளையும் வெள்ளை அவரை விதைகளையும் நிரப்பிக்கொண்டு தெருமுனைகளில் போய் நின்றார். நடந்து போகிறவர்கள், டிராம் வண்டிகள் என்று கண்ணில் பட்டவற்றையெல்லாம் விதையை ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றி மாற்றி எண்ணினார். இப்படி நாள் கணக்கில், இடம் மாற்றி இடம் நின்று, நகரத்தில் எந்தப் பாதையில் ஆள் நடமாட்டம் அதிகம் என்று கணக்கெடுத்தார். தெருவில் நின்று விதை எண்ணும் ஆளைப் பார்த்து எத்தனை பேர் தலையில் அடித்துக்கொண்டார்களோ! ஆனால் கையில் கணக்கு வந்துவிட்டது. உவேனோவுக்கும் அசகுசாவுக்கும் இடையில்தான் நெரிசல் மிகுதி என்று தெரிந்தது. அசகுசா என்பது பெரிய புத்தர் கோயிலும் கூத்துக் கொட்டகைகளும் உள்ள பேட்டை.

அடுத்தது மண். நகராட்சியின் பாலப் பிரிவில் போய் விசாரித்தார். ஆறுகளின் மேல் பாலம் கட்டும்போது எவ்வளவு ஆழத்தில் என்ன மண் இருந்தது என்ற குறிப்புகள் அங்கே இருந்தன. மேலே சேறாக இருந்தாலும் அடியில் உறுதியான மண் இருக்கிறது என்பதை அந்தத் தாள்கள் காட்டின. புதிதாக ஒரு குழிகூடத் தோண்டாமல் விடையைக் கண்டுபிடித்துவிட்டார்.

1920-இல் நிறுவனம் பிறந்தது. 1923 செப்டம்பர் முதல் தேதி பெரும் பூகம்பம் வந்து தோக்கியோவையும் யொக்கோஹாமாவையும் நெருப்பில் தள்ளியது. இலட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். உவேனோ ரயில் நிலையமும் எரிந்து போனது. அந்த நிலையில் பாதாள ரயிலுக்கு யார் பணம் போடுவார்கள்? நீண்ட பாதை போட வேண்டும் என்ற திட்டத்தைச் சுருக்கி, “முதலில் உவேனோவிலிருந்து அசகுசா வரை மட்டும்” என்று 1925 செப்டம்பரில் வேலையைத் தொடங்கினார்கள். மொத்தம் 2.2 கிலோமீட்டர்.

இன்று இருப்பது போல் பூமியைக் குடைந்து செல்லும் பெரிய இயந்திரம் அப்போது அங்கில்லை. சாலையையே மேலிருந்து வெட்டித் தோண்டினார்கள். இரு பக்கமும் மண் சரியாமல் இரும்புத் தூண்களை அடித்து, மேலே மரப்பலகை பரப்பி, அதன் மேல் டிராம் வண்டி வழக்கம் போல் ஓட, அடியில் ஆட்கள் மண்ணை வெட்டிக் கொடுத்தார்கள். சுவரும் கூரையும் கட்டி முடிந்ததும் மண்ணை மூடிச் சாலையைப் பழையபடி போட்டார்கள். அதனால்தான் அந்தப் பழைய பாதை அதிக ஆழத்தில் இல்லை. சில படிகள் இறங்கினால் நடைமேடை வந்துவிடும்.

1927 டிசம்பர் 30-ஆம் தேதி ரயில் ஓடத் தொடங்கியது. பெட்டிகள் முழுக்க இரும்பு. தீப்பிடிக்கக்கூடாது என்பதில் ஹயாகாவா கண்டிப்பாக இருந்தார். பெர்லின் நகரத்துப் பாதாள ரயிலைப் பார்த்து மஞ்சள் வண்ணம் பூசினார்கள், இருட்டில் பளிச்சென்று தெரிய. சிவப்பு விளக்கைத் தாண்டி ஓட்டுநர் போனாலும் தானாகவே வண்டியை நிறுத்தும் சாதனம் முதல் நாளிலிருந்தே இருந்தது. கட்டணம் பத்து சென். நம் நாட்டில் காசைச் சொல்வது போலவே அவர்களும் சென் என்றுதான் சொன்னார்கள். நூறு சென் ஒரு யென். டிக்கெட் கிழிக்க ஆளில்லை. வாசலில் ஒரு சுழல் கட்டை. துளையில் பத்து சென் காசைப் போட்டுத் தள்ளினால் கட்டை சுழன்று ஓர் ஆளை உள்ளே விடும். ஐந்து நிமிடப் பயணத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் மக்கள் காத்து நின்றார்கள். ரயிலைவிட அந்தச் சுழல் கட்டையைப் பார்க்க வந்தவர்கள் எத்தனை பேரோ!

பிறகு பாதை தெற்கே வளர்ந்தது. 1930-இலேயே உவேனோவின் பாதாளத்தில் கடைகள் வந்துவிட்டன. துணிக்கடை முதலாளிகளையும் ஹயாகாவா விடவில்லை. மிட்சுகோஷி என்ற பெரிய கடைக்காரர்கள் தங்கள் வாசலில் நிலையம் அமைக்கும் செலவைத் தாங்களே ஏற்றார்கள். அந்த நிலையத்துக்கு இன்றும் ‘மிட்சுகோஷி முன்’ என்றுதான் பெயர். 1934-இல் ரயில் கின்சா வரை போனது. ஆனால் பாடுபட்டவர் கையில் பலன் தங்கவில்லை. போட்டி நிறுவனத்தின் முதலாளி பங்குகளை வாங்கிக் குவித்ததில் 1940-இல் ஹயாகாவா தம் நிறுவனத்தை விட்டே விலக நேர்ந்தது. 1942-இல் காலமானார். கின்சா நிலையத்தில் அவருடைய மார்பளவுச் சிலை ஒன்று இருக்கிறது.

யாரும் அழைத்துப் போக வராத பிள்ளைகள்

யுத்தம் வந்தது. ஜப்பான், ரயில் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொன்னால் நம் தோட்டங்களில் இருந்த பெரியவர்களுக்கு நினைவு வந்ததெல்லாம் சயாம் மரண ரயில்தான். 1943 அக்டோபரில் முடிந்த அந்த 415 கிலோமீட்டர்ப் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்ட நம்மவரில் திரும்பாதவர்கள் ஆயிரமாயிரம். அப்பா போனார், வரவில்லை என்ற குடும்பங்கள் நம்மிடையே இன்றும் உண்டு. அதை மறந்துவிட்டு ஜப்பானின் துயரத்தைப் படியுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த யுத்தத்தை நடத்தியவர்கள் தங்கள் சொந்தப் பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் விட்டார்கள் என்பதும் நமக்குத் தெரிய வேண்டும் என்பதால் மேலே எழுதுகிறேன்.

1944-இல் அமெரிக்க விமானங்களுக்கு அஞ்சி, நகரத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை வகுப்பு வகுப்பாகக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். கோயில்களிலும் சத்திரங்களிலும் அவர்கள் தங்கினார்கள். 1945 மார்ச் மாதம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி இறுதி விழாவுக்காகத் தோக்கியோவுக்குத் திருப்பி அழைத்து வந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் மார்ச் 10-ஆம் தேதி நள்ளிரவில் எரிகுண்டுகள் விழுந்தன. அசகுசாவும் அதைச் சுற்றிய ஏழைப் பேட்டைகளும் ஒரே இரவில் சாம்பலாயின. மாண்டவர்கள் ஏறக்குறைய ஓர் இலட்சம். விழாவுக்கு வந்த மூத்த பிள்ளைகளில் பலர் வீட்டாரோடு இறந்தார்கள். கிராமத்தில் இருந்த இளைய பிள்ளைகள் பிழைத்தார்கள். அவர்களுக்குத் திரும்பி வர வீடு இல்லாமல் போனது.

யுத்தம் முடிந்து பிள்ளைகள் ஊர் திரும்பினார்கள். பெற்றோர் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். அழைத்துப் போக யாருமே வராத பிள்ளைகளும் இருந்தார்கள். சித்தப்பா வீடு, மாமா வீடு என்று போய்ச் சேர்ந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. சொந்தப் பிள்ளைக்கே கஞ்சி இல்லாத காலத்தில் அடுத்தவர் பிள்ளைக்கு எப்படி ஊற்றுவது? கடுஞ்சொல் தாங்காமல் ஓடி வந்தவர்கள் பலர். இவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து ஒதுங்கிய இடந்தான் உவேனோவின் சுரங்க நடைபாதை.

ஏன் உவேனோ? எரிந்துபோன பேட்டைகளுக்கு மிக அருகில் இருந்த பெரிய நிலையம் அது. நாட்டுப்புறத்திலிருந்து அரிசியும் கிழங்கும் மூட்டையாக வந்து இறங்கும் இடம். பக்கத்திலேயே கள்ளச் சந்தை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சுரங்கத்தில் மழை இல்லை, பனி இல்லை. தோக்கியோவின் குளிர்காலம் நம் ஊர் அடைமழையைப் போன்றதல்ல. திறந்த வெளியில் படுத்தால் விடியும்போது உயிர் இருக்காது. சுரங்கத்தில் ஆள் மேல் ஆள் நெருங்கிக் கிடந்தால் கொஞ்சம் சூடு கிடைக்கும்.

பெரியவர்களும் சிறியவர்களுமாக நூற்றுக்கணக்கானவர்கள் அங்கே கிடந்தார்கள். கால் வைக்க இடமிருக்காது. கழிப்பிட வசதி இல்லை, பேன், சொறி, காய்ச்சல். 1945-ஆம் ஆண்டின் அந்த முதல் குளிர்காலத்தில் பட்டினியால் அங்கே மாண்டவர்களைக் காலையில் தூக்கிப் போவது வாடிக்கையாகிவிட்டது. பக்கத்தில் படுத்திருந்தவன் இறந்துவிட்டான் என்று விடிந்த பிறகுதான் தெரிந்தது என அங்கிருந்து பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஏழு வயது, எட்டு வயதுப் பிள்ளைகள் இதைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். சிலருடைய மடியில் தம்பியோ தங்கையோ இருந்தது.

பிழைக்க வழி தேடினார்கள். தரையில் கிடக்கும் சிகரெட்டுத் துண்டுகளைப் பொறுக்கி, புகையிலையை உதிர்த்து, புதிதாகச் சுருட்டி விற்றார்கள். அமெரிக்கச் சிப்பாய்களின் சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டார்கள். பத்திரிகை விற்றார்கள். ஒன்றும் கிடைக்காத நாளில் திருடினார்கள். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் கையிலிருந்து உருண்டைச் சோற்றைப் பறித்துக்கொண்டு ஓடுவதும் உண்டு. ஊர் அவர்களை ‘ஃபுரோஜி’ என்று அழைத்தது. அலைந்து திரியும் பிள்ளைகள் என்று பொருள். அநாதை என்று சொன்னால் இரக்கம் வரும். அலைந்து திரிபவன் என்று சொன்னால் அருவருப்பு வரும். பெயரை மாற்றியதும் பொறுப்பும் கைகழுவிப் போயிற்று.

அரசாங்கம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். லாரியைக் கொண்டுவந்து பிடித்துப் போனது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘கரிகோமி’. வேட்டைக்குப் பயன்படுத்தும் சொல் அது. ஜப்பானிய மொழியில் மனிதரை எண்ண ஒரு விதம், மிருகத்தை எண்ண வேறு விதம். தங்களை லாரியில் ஏற்றியபோது மிருகத்தை எண்ணும் சொல்லால் எண்ணினார்கள் என்று அந்தப் பிள்ளைகளில் சிலர் கிழவர்களான பிறகு சொன்னார்கள். பட்டினியைச் சொல்லும்போது கலங்காத குரல், இதைச் சொல்லும்போது கலங்கியது.

பிடித்துப் போன இடங்களிலும் சோறு போதவில்லை. பிள்ளைகள் தப்பி ஓடி மறுபடியும் சுரங்கத்துக்கே வந்தார்கள். ஓடிவிடாமல் இருக்க ஆடைகளைக் களைந்து வாங்கி வைத்துக்கொண்ட விடுதிகளும் இருந்தன. பிள்ளைகளின் பாதுகாப்புக்கான சட்டம் 1947 டிசம்பரில்தான் பிறந்தது. 1948 பிப்ரவரியில் அரசாங்கம் நாடு முழுவதும் கணக்கெடுத்தபோது பெற்றோரை இழந்த பிள்ளைகள் 1,23,511 பேர் என்று தெரிய வந்தது. அப்போது அமெரிக்கர் கையில் இருந்த ஓக்கினாவா இந்தக் கணக்கில் சேரவில்லை.

எல்லாரும் கல் நெஞ்சர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தம் வீட்டில் சேர்த்துக்கொண்டவர்களும், சிறு விடுதி தொடங்கிப் பத்துப் பிள்ளைகளைக் கரையேற்றியவர்களும் இருந்தார்கள். 1947 முதல் 1950 வரை ஜப்பான் வானொலியில் அநாதைப் பிள்ளைகளைப் பற்றிய தொடர் நாடகம் ஒன்று ஒலிபரப்பாகி, நாடே கேட்டு உருகியது. நாடகத்தைக் கேட்டு உருகுவது சுலபம். நாற்றமடிக்கும் பிள்ளையை வீட்டுக்குள் விடுவதுதான் கடினம். இது எந்த ஊருக்கும் பொருந்தும்.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, வேலை தேடி, கல்யாணம் செய்துகொண்டு, ஊரோடு கலந்துவிட்டார்கள். தான் உவேனோ சுரங்கத்தில் கிடந்தவன் என்று கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லாமல் மறைத்தவர்கள் உண்டு. சொன்னால் திருடனாக இருந்தவன் என்று நினைப்பார்கள், பெண் கொடுக்க மாட்டார்கள், வேலை கொடுக்க மாட்டார்கள் என்ற பயம். எண்பது வயதை எட்டிய பிறகு, இனி மறைத்து என்ன ஆகப் போகிறது என்று சிலர் வாய் திறந்தார்கள். பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் பேசினார்கள். அவர்கள் பேசியிராவிட்டால் இந்தப் பக்கத்தை இப்படி நான் எழுதியிருக்க முடியாது.

கள்ளச் சந்தை நடந்த இடத்தில் இன்று ‘அமெயோகோ’ என்ற கடைத்தெரு இருக்கிறது. ‘அமெ’ என்றால் மிட்டாய். சீனி கிடைக்காத காலத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்கிலிருந்து மிட்டாய் காய்ச்சி விற்றதால் வந்த பெயர் என்கிறார்கள். அமெரிக்கப் பொருள் விற்றதால் வந்தது என்பாரும் உண்டு. மீனும் கருவாடும் கூவிக் கூவி விற்கும் சத்தம் காதைத் துளைக்கும்.

பதினைந்து வயதில் ஒரு ரயில்

சுரங்கத்துப் பிள்ளைகள் கரைந்து போன சில ஆண்டுகளில் உவேனோவுக்கு வேறு பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். இவர்களுக்குப் பெற்றோர் இருந்தார்கள். வீட்டில் சோறுதான் போதவில்லை.

வட ஜப்பான் பனி கொட்டும் நாடு. ஓர் ஆண்டுக்கு ஒரு போகம் நெல். நிலம் மூத்த மகனுக்கு. மற்றவர்கள்? ஒன்பது ஆண்டுப் படிப்பு முடிந்ததும், பதினைந்து வயதில், தோக்கியோவுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். 1954 ஏப்ரலில் ஆவோமோரியிலிருந்து உவேனோவுக்கு இதற்கென்றே தனி ரயில் புறப்பட்டது. இரவும் பகலுமாக இருபது மணி நேரத்துக்கு மேல் ஓடும் நீராவி ரயில். பள்ளிச் சீருடையோடு பிள்ளைகள், துணைக்கு ஆசிரியர். ஒவ்வொரு வசந்தத்திலும் இத்தகைய ரயில்கள் வந்தன. 1975 வரை இது நடந்தது.

அந்த வழியனுப்புதலை உங்களுக்கு நான் வருணிக்க வேண்டுமா? மூட்டையில் அம்மா கட்டிக் கொடுத்த சோறு, நடைமேடையோரம் ஓடி வரும் தங்கை, முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அப்பா. தோட்டத்திலிருந்து பட்டணத்துத் தொழிற்சாலைக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு லயத்து வாசலில் நின்ற எந்தத் தாயும் அதை அறிவாள்.

உவேனோவில் இறங்கியதும் முதலாளிமார்கள் பெயர்ப் பலகைகளும் கொடிகளும் பிடித்து நிற்பார்கள். பெரட்டுக் களத்தில் கிராணி பெயர் வாசிப்பது போல் பெயரை வாசித்து, பிரித்து, கூட்டிப் போவார்கள். சிறு பட்டறைகள், மளிகைக் கடைகள், சலவைக் கடைகள், நூல் ஆலைகள். முதலாளி வீட்டு மாடியிலேயே படுக்கை, அங்கேயே சாப்பாடு. விடுமுறை மாதத்துக்கு ஒன்றிரண்டு நாள். ஊர்ப் பேச்சு கொச்சை என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். அதற்குப் பயந்தே வாய் திறக்காத பிள்ளைகள் உண்டு. சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்பியவர்கள் பலர். சொன்ன வேலை ஒன்று, கொடுத்த வேலை ஒன்று என்று ஓடிப் போனவர்களும் பலர்.

பத்திரிகைகள் இவர்களுக்கு ‘பொன் முட்டைகள்’ என்று பெயர் சூட்டின. மலிவாகக் கிடைக்கும் இளம் கைகளுக்கு முதலாளிகளிடையே அவ்வளவு போட்டி. பெயர் வைப்பதில் ஜப்பானியரை மிஞ்ச முடியாது போலிருக்கிறது! இருபது ஆண்டுகளுக்கு முன் அதே நிலையத்தில் கிடந்த பிள்ளை அலைந்து திரிபவன்; இப்போது வந்து இறங்கும் பிள்ளை பொன் முட்டை. வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான் வேறுபாடு.

பிள்ளைகள் மட்டுமல்ல, குளிர்காலத்தில் வயல் பனியில் மூடிக் கிடக்கும்போது அப்பன்மார்களும் இதே வழியாக வந்து இறங்கினார்கள். கட்டட வேலை, சாலை வேலை, சுரங்கம் தோண்டும் வேலை. 1964 ஒலிம்பிக்கை முன்னிட்டுத் தோக்கியோ முழுவதும் வெட்டிக் கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. உவேனோவின் அடியில் 1961-இல் இரண்டாவது பாதாளப் பாதை வந்தது. ஹிபியா பாதை என்பார்கள். நகரத்தின் புதிய சுரங்கங்களில் மண் சுமந்தவர்களில் அந்த விவசாயிகளும் இருந்தார்கள். வசந்தம் வந்ததும் கூலியை இடுப்பில் முடிந்துகொண்டு, பிள்ளைகளுக்குப் பொம்மையும் மிட்டாயும் வாங்கிக்கொண்டு, மறுபடியும் உவேனோவில் ரயில் ஏறி உழவுக்குப் போய்விடுவார்கள்.

1964-இல் இந்தப் பிள்ளைகளின் மனத்தைப் பற்றி ‘ஆ, உவேனோ நிலையமே’ என்ற பாட்டு வந்தது. பாடியவர் இசாவா ஹச்சிரோ, அவரும் ஆவோமோரிக்காரர்தான். வேலைக்கு வந்தவர்கள் அதைத் தங்கள் சொந்தப் பாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். 2003-இல் நிலையத்தின் வாசலில் அந்தப் பாட்டுக்கு ஒரு நினைவுக் கல்லே வைத்தார்கள்.

மிதக்கப் பார்த்த நிலையம்

1985 மார்ச் 14-ஆம் தேதி அதிவேக ரயிலான ஷின்கான்சென் உவேனோவுக்கு வந்தது. அதற்கு நடைமேடை தரைக்கடியில் நான்காவது மாடியில். மின்படிக்கட்டில் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். இருபது மணி நேரம் பிடித்த ஆவோமோரிப் பயணம் இன்று மூன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

இந்த ஆழத்து நிலையத்துக்கு வந்த வினோதமான வியாதியைக் கேளுங்கள். ஒரு காலத்தில் தோக்கியோவின் தொழிற்சாலைகள் நிலத்தடி நீரை இறைத்துத் தள்ளியதால் நகரத்தின் தரையே கீழே அமிழ்ந்தது. அரசாங்கம் நீர் இறைப்பதற்குத் தடை போட்டது. வற்றிய நீர் ஆண்டுக்கு ஆண்டு மேலேறி வந்தது. நீர் மட்டம் உயர்ந்ததும், உள்ளே காற்று நிறைந்த பெரும் பெட்டி போன்ற நிலையம் படகு மாதிரி மிதக்கப் பார்த்தது! எழும்பாமல் இருக்க ஆயிரக்கணக்கான டன் இரும்பை அடியில் பாரமாக வைத்தார்கள். அதுவும் போதாது என்று, கீழே உறுதியான மண்ணோடு இழுத்துப் பிடிக்கும் இரும்புக் கட்டுகளையும் இறக்கினார்கள். சுரங்கத்தில் ஊறும் நீரின் ஒரு பகுதியைப் பூங்காவின் தாமரைக் குளத்துக்கு அனுப்புகிறார்கள்.

பழைய பாதைக்குக் கின்சா பாதை என்று பெயர். நெரிசல் நேரத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு ரயில். பழைய பெட்டிகள் ஓடிய காலத்தில், நிலையத்தை நெருங்கும்போது விளக்குகள் ஒரு கணம் அணைந்து எரியும். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் மின்சாரம் தரும் மூன்றாவது கம்பி சில இடங்களில் விட்டுப் போவதால் வந்த இருட்டு அது. புதியவர்கள் பதறுவார்கள், உள்ளூர்க்காரர்கள் பத்திரிகையிலிருந்து தலையைக்கூட நிமிர்த்த மாட்டார்கள். 1990-களில் அந்தப் பெட்டிகள் ஓய்வு பெற்றன. 2012 முதல் புதிய பெட்டிகள், ஆனால் நிறம் ஹயாகாவா தேர்ந்த அதே மஞ்சள்.

உங்கள் பிள்ளைகள் யாராவது ஜப்பானுக்குச் சுற்றுலா போனால், அல்லது நீங்களே போனால், உவேனோவில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பெரிய நிலையத்திலிருந்து கின்சா பாதைக்குப் போகும் சுரங்க நடைபாதை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. விளக்கு வெளிச்சமும் கடைகளுமாக இருக்கும். அவசரமாகப் போகிறவர்கள் இடித்துக்கொண்டு போவார்கள். நிலையத்திலிருந்து சற்று நடந்தால் பாதாள ரயில்கள் இளைப்பாறும் கொட்டகை ஒன்று தரைமேல் இருக்கிறது. பாதாள ரயில் சாலையைக் குறுக்கே கடந்து போகும் காட்சியை அங்கே பார்க்கலாம். மின் கம்பிப் பக்கம் ஆள் போய்விடக்கூடாது என்று, சாலைக்கு மட்டுமின்றி ரயில் பாதைக்கும் கதவு போட்டிருக்கிறார்கள். 1927-இல் ஓடிய முதல் மஞ்சள் பெட்டியைப் பார்க்க கசாய் என்ற இடத்தில் உள்ள பாதாள ரயில் அரும்பொருளகத்துக்குப் போக வேண்டும். சுழல் கட்டையையும் அங்கே காணலாம்.

பாட்டின் நினைவுக் கல் ஹிரோகோஜி வாசலுக்கு வெளியே, நடைபாதை ஓரத்தில் நிற்கிறது. பெரும்பாலோர் பார்க்காமலே கடந்து போவார்கள். கல்லில் பொறித்திருப்பது ஜப்பானிய எழுத்து. படித்துச் சொல்ல ஆள் இருந்தால் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.